பன்னிரண்டு கேழ்வரகு லைன், அரை ஏக்கர் செம்மண்: சோதனைப் பாத்தியை எப்படிப் பிரிப்பது?

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர்க் கேழ்வரகில் சில வருடங்களாகக் கதிர் பொறுக்கி, தனித்தனியாக விதை சேர்த்து, இப்போது 12 லைன், அதாவது தனித்தனியாகப் பிரித்து வைத்த 12 விதை வகை, கையில் இருக்கின்றன. ஆடிப் பட்டத்தில் மானாவாரியாக விதைத்து, எது தேறும் என்று பார்க்க அரை ஏக்கர் ஒதுக்கியிருக்கிறார். நிலம் வடக்கு தெற்காக 60 மீட்டர், கிழக்கு மேற்காக 34 மீட்டர். மேற்கே குன்றுப் பக்கம் மேடு, கிழக்கே ஏரிப் பக்கம் பள்ளம். தெற்கு வரப்பில் ஒரு புளிய மரம். மேட்டோரத்தில் முன்பு குப்பைமேடு இருந்ததாம். "ஒரு லைனுக்கு ஒரு பாத்தி என்று பன்னிரண்டு பெரிய பாத்தி போட்டு, கடைசியில் எடை பார்த்தால் போதாதா?" என்பதுதான் கேள்வி.

போதாது தம்பி. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அளவுகளுக்கு வருகிறேன்.

ஒரே ரகத்தை, ஒரே மூட்டையிலிருந்து எடுத்து, அந்தப் பன்னிரண்டு பாத்தியிலும் விதைத்துப் பாருங்கள். பன்னிரண்டு எடையும் ஒன்றாக வராது. பள்ளத்துப் பாத்தியில் மேல்மண் அடித்து வந்து சேர்ந்திருக்கும், ஈரம் நாலு நாள் கூட நிற்கும். குப்பைமேடு இருந்த இடம் பத்து வருடம் கழித்தும் கரும்பச்சையாகத் தெரியும். புளிய மரத்தடியில் பயிர் ஏறவே ஏறாது. இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு லைனுக்கு ஒரே பாத்தி கொடுத்தால், கடைசியில் நீங்கள் எடை போடுவது லைனையா, மண்ணையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பாத்தியைப் பெரிதாக்கினாலும் இந்தச் சிக்கல் தீராது. பெரிய பாத்தி என்றால் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் தூரம்தான் கூடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் திண்டுக்கல் பக்கம் ஒரு பண்ணையில் மெல்லும் புகையிலை லைன்களுக்குப் பாத்தி போட்டேன். பத்து லைன், மூன்று முறை. மூன்று முறையும் ஒன்று முதல் பத்து வரை வரிசையாகவே நட்டேன், குறிப்பெடுக்க வசதியாக இருக்கட்டும் என்று. ஒன்றாம் லைன் மூன்று தடவையும் வாய்க்காலை ஒட்டி விழுந்தது. இலை ஒவ்வொன்றும் முறம் போல வந்தது. எல்லோரும் வந்து பார்த்துவிட்டு மெச்சினார்கள். மறு வருடம் வேறு வயலில், முறைப்படி குலுக்கிப் போட்டு நட்டபோது அது பத்தில் ஆறாவது. முதல் வருடம் ஜெயித்தது வாய்க்கால்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒவ்வொரு லைனையும் நிலத்தின் பல இடங்களில் போடுவது, எந்த இடம் எதற்கு என்பதைச் சீட்டுக் குலுக்கலுக்கு விடுவது, அதையும் நிலத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பட்டைக்குள் குலுக்குவது. பட்டையைத்தான் பிளாக் என்கிறோம். 1919ல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் இந்த மூன்றையும் ஒரு முறையாகக் கட்டிக் கொடுத்தார். நூறு வருடம் ஆகியும் இன்றைக்கு நெல்லானாலும் புகையிலையானாலும் ராகியானாலும் அடிப்படை அதுவேதான்.

உங்கள் நிலத்துக்கு வருவோம். 12 லைனோடு ஒப்பிட இரண்டு ரகம் கட்டாயம் வேண்டும். ஒன்று, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையம் கொடுத்த பையூர் 2. இன்னொன்று, நீங்கள் கதிர் பொறுக்கிய அதே ஊர் ராகியின் பொதுவிதை. இரண்டாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். பொறுக்கியதால் ஏதாவது கூடியிருக்கிறதா என்பதே அதை வைத்துத்தான் தெரியும். ஆக ஒப்பிட வேண்டியவை 14.

ஒரு பாத்திக்கு 10 வரிசை, வரிசைக்கு வரிசை ஓர் அடி, அதாவது 30 செ.மீ. வரிசை நீளம் 4 மீட்டர். பாத்தி 3 மீட்டருக்கு 4 மீட்டர், 12 சதுர மீட்டர். 14 பாத்தியை ஒரே வரியாக வடக்கு தெற்காக வையுங்கள், பாத்திக்கு நடுவே அரை மீட்டர் விட்டு. 48.5 மீட்டர் வரும். அதுதான் ஒரு பிளாக். சரிவு கிழக்கு மேற்காக ஓடுகிறது. பிளாக் அதற்குக் குறுக்கே ஓடுவதால் ஒரு பிளாக்குக்குள் இருக்கும் 14 பாத்தியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவே போய்விடும், கணக்கில் அதைத் தனியாகக் கழித்துவிடலாம். இதையே திருப்பிப் போட்டு, பிளாக்கை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீட்டினால் எல்லாம் பாழ். பெரிய படிப்பு படித்தவர்களே வாகனம் போக வசதி என்று இப்படிப் பிரித்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்படி நான்கு பிளாக், நடுவே ஒன்றரை மீட்டர் நடைபாதை: 20.5 மீட்டர். மேலும் கீழும் 2 மீட்டருக்குக் காவல் பயிர், அதாவது எடையில் சேர்க்காத ஓரப் பயிர், விதைத்தால் 24.5. உங்களிடம் 34 மீட்டர் இருக்கிறது. அதனால் குப்பைமேடு இருந்த மேட்டோரத்தை அப்படியே வெளியே விட்டுவிடலாம். தெற்கே புளிய மரத்துக்கு 8 மீட்டர் விட்டாலும் மிச்சம் 52 மீட்டர், அதில் பிளாக்கும் இரு ஓரத்துக் காவல் பயிரும் அடங்கும். விட்ட இடத்தில் அவரையோ மொச்சையோ போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு ஆகும். ஆனால் சோதனைப் பாத்திக்குள் நம் ஊர் வழக்கப்படி ஊடுபயிராக அவரை வேண்டாம். அவரைக் கொடி எந்தப் பாத்தியில் அதிகம் படர்ந்தது என்று அப்புறம் தனியாக ஒரு கணக்கு வைக்க வேண்டி வரும்.

மூன்று முறை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். மானாவாரிச் செம்மண்ணில் சி.வி. 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது மண்ணாலும் கைவேலையாலும் வரும் ஏற்ற இறக்கம் அவ்வளவு. மூன்று பிளாக் போட்டால், இரண்டு லைனுக்கு நடுவே சுமார் 25 சதவீதம் வித்தியாசம் இருந்தால்தான் அதை நம்பலாம். ஏக்கருக்கு 1,000 கிலோ தரும் ரகத்தோடு ஒப்பிட்டால், 200 கிலோ கூட வந்தாலும் "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடியும். நான்கு பிளாக் என்றால் அந்த அளவு 21 சதவீதத்துக்குச் சொச்சமாகக் குறையும். பெரிய லாபம் இல்லைதான், ஆனால் உங்களிடம் இடம் சும்மா கிடக்கிறது. அதே இடத்தில் பாத்தியைப் பெரிதாக்குவதை விட, ஒவ்வொரு லைனையும் போடும் தடவையைக் கூட்டுவதே நல்லது. பக்கத்துப் பக்கத்து மண் ஒன்றுபோல இருக்கும் என்பதால் பாத்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் பிழை அதற்கு ஏற்றபடி குறையாது. ஃபேர்ஃபீல்ட் ஸ்மித் என்ற புள்ளியியல் அறிஞர் 1938லேயே இதைக் கணக்காக எழுதி வைத்துவிட்டார்.

குலுக்கல் என்றால் நிஜமாகவே குலுக்கல். 14 சீட்டு எழுதி ஒரு சொம்பில் போட்டு, வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும் புதிதாகக் குலுக்க வேண்டும். "இந்த லைன் போன முறையும் ஓரத்தில் விழுந்துவிட்டதே, பாவம்" என்று மாற்றி வைக்கக் கூடாது. பையூர் 2ஐ வருகிறவர்களுக்குக் காட்ட வசதியாக ஒவ்வொரு பிளாக்கின் முதல் பாத்தியிலும் வைக்கிற பழக்கம் உண்டு, அதுவும் கூடாது. அதையும் சீட்டில் சேர்த்துக் குலுக்குங்கள்.

குச்சியில் லைன் பெயரை எழுதாதீர்கள். முதல் பிளாக் 101 முதல் 114, இரண்டாவது 201 முதல் 214, இப்படி எண் மட்டும். எந்த எண்ணில் எந்த லைன் என்பது நோட்டில் இருக்கட்டும், நோட்டுக்கு ஒரு நகல் வேறு இடத்தில் இருக்கட்டும். நீங்களே பொறுக்கிய லைன். அதில் ஒன்றிரண்டின் மேல் உங்களுக்குப் பாசம் இருக்கும், இல்லை என்று சொல்லாதீர்கள். பெயர் தெரிந்தால் அந்தப் பாத்தியில் கண் கொஞ்சம் தாராளமாகப் பார்க்கும். களை எடுக்கும்போதும் கை கொஞ்சம் நின்று எடுக்கும்.

விதை எல்லாம் ஒரே பருவத்தில் அறுத்ததாக இருக்க வேண்டும். மூன்று வருடம் டப்பாவில் கிடந்த விதையும் போன கார்த்திகையில் எடுத்த விதையும் ஒன்றாக முளைக்காது. அப்புறம் லைன் மேல் பழி போடுவோம். மானாவாரிக்கு என்று தேடுகிறீர்கள் என்பதால் நாற்று விட்டு நட வேண்டாம். நேரடியாகக் கயிறு பிடித்து வரிசையில் விதைத்து, 15 முதல் 20 நாளுக்குள் செடிக்குச் செடி 10 செ.மீ. இருக்கும்படி கலைத்து விடுங்கள். ஒரு வரிசைக்கு 40 செடி, பாத்திக்கு 400. செடி செத்துக் காலியான இடத்தில் மற்ற பாத்தியிலிருந்து பிடுங்கி நடாதீர்கள், லைன் கலந்துவிடும். எத்தனை இடம் காலி என்று எழுதி வைத்தால் போதும். ராகி பக்கத்தில் தூர் கட்டி ஓரளவு ஈடு செய்துகொள்ளும். புகையிலையில் இது வேறு மாதிரி. முக்கால் மீட்டருக்கு ஒரு செடி என்று நடுவதால் ஒரு பாத்தியில் சில டஜன் செடிதான் இருக்கும். ஒன்று செத்தால் சுற்றியுள்ள நாலு செடியின் இலை பெருத்துவிடும், கணக்கே மாறிவிடும்.

இன்னொன்று, நான் பார்த்த வரையில் அதிகம் மறக்கப்படுவது. விதைப்பு, கலைப்பு, களை, உரம், அறுவடை, எந்த வேலையானாலும் ஒரு பிளாக்கை ஒரே நாளில், முடிந்தால் அதே ஆட்களை வைத்து முடித்துவிடுங்கள். மழை வந்தாலோ பொழுது சாய்ந்தாலோ பிளாக் முடிவில் நிறுத்தலாம், நடுவில் நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு பிளாக்கில் இன்றைக்கு, மற்ற இரண்டில் நாலு நாள் கழித்து மழைக்கு அப்புறம் களை எடுத்தால் ஒன்றும் கெடாது, அந்த வித்தியாசம் பிளாக்கோடு சேர்ந்து கழிந்துவிடும். ஏழாவது பாத்தியில் நிறுத்தினீர்கள் என்றால் அந்த நாலு நாளை எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது.

அறுவடையில் ஓர வரிசையைச் சேர்க்காதீர்கள். நடைபாதையை ஒட்டியிருக்கும் வரிசைக்கு வெயிலும் ஈரமும் கூடக் கிடைக்கும், கதிர் பருத்திருக்கும். இரு பக்கமும் ஒரு வரிசை, இரு முனையிலும் இரண்டு செடி, இவற்றை முதலில் தனியாக அறுத்து அப்புறப்படுத்திவிட்டு, மிச்சமுள்ள 8 வரிசையை 3.6 மீட்டருக்கு அறுங்கள். 2.4 பெருக்கல் 3.6, மொத்தம் 8.64 சதுர மீட்டர். இதிலிருந்து கிடைக்கும் ஒரு கிலோ ஏக்கருக்கு 468 கிலோ. இந்த எண்ணை நோட்டிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் தட்டும்போது சிதறிய 100 கிராம், கிளி தின்ற 100 கிராம், தராசு காட்டும் 100 கிராம் தப்பு, ஒவ்வொன்றும் ஏக்கர் கணக்கில் 47 கிலோ. சந்தைத் தராசில் போடாதீர்கள், கிராம் காட்டும் எலெக்ட்ரானிக் தராசு வேண்டும்.

ராகி ஒரே நாளில் முற்றாது. பாதிக் கதிர் பழுத்ததும் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து மறுமுறை என்றுதான் அறுப்போம். இரண்டு அறுவடையும் அதே பாத்தியின் பையில் போய்ச் சேர வேண்டும். இங்கேதான் புகையிலைக்காரன் புத்தி எனக்கு உதவியது. புகையிலையில் இலை வெட்டியதோடு வேலை முடியாது. காய்ந்து, பதம் வந்து, எடை போடுகிற வரைக்கும் வாரக்கணக்கில் அந்தக் கட்டு எந்தப் பாத்தியினுடையது என்று தெரிந்தாக வேண்டும். ஒரு முறை சீட்டு நனைந்து எழுத்து அழிந்து, நாலு கட்டு அநாதையாக நின்றது. அதிலிருந்து எல்லாப் பைக்கும் இரண்டு சீட்டு: ஒன்று வெளியே கட்டியிருக்கும், ஒன்று பென்சிலால் எழுதி உள்ளே கிடக்கும். பேனா மை நனைந்தால் பரவும், பென்சில் பரவாது. களத்தில் ஒரு பாத்திக் கதிரைத் தட்டி, தூற்றி, தரையைத் துடைப்பத்தால் கூட்டி எடுத்த பிறகுதான் அடுத்ததைப் பிரிக்க வேண்டும்.

ஈரப்பதத்தையும் பாருங்கள். முந்தி முற்றிய லைன் நன்றாகக் காய்ந்திருக்கும், பிந்தியது ஈரமாக இருக்கும். 18 சதவீத ஈரத்தில் ஒரு கிலோ என்றால் 12 சதவீதத்துக்கு அது 932 கிராம்தான். அந்த 68 கிராமே ஏக்கருக்கு 32 கிலோ பொய்க் கணக்கு கொடுத்துவிடும். ஈரம் பார்க்கும் கருவி இல்லையென்றால் எல்லாப் பையையும் ஒரே களத்தில் ஒரே நாட்கள் காய வைத்து, ஒரே நாளில் எடை போடுங்கள்.

பறவை விஷயத்தில் குலுக்கல் கை கொடுக்காது. முதலில் முற்றுகிற லைன் எந்தப் பிளாக்கில் இருந்தாலும் குருவியும் கிளியும் அதைத்தான் தேடி வரும். நாலு பிளாக்கிலும் அதே லைன்தான் அடி வாங்கும். பால் பிடிக்கும்போதே முந்தி வரும் பாத்திகளுக்கு வலை போடுங்கள். 100 நாள் லைனும் 125 நாள் லைனும் உங்களிடம் கலந்து இருந்தால், அடுத்த வருடம் குறுகிய வயதை ஒரு சோதனையாகவும் நீண்டதை இன்னொன்றாகவும் பிரித்துவிடுவது மேல்.

அப்புறம் யானை. பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்தில் ராகி போடுகிறவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு ராத்திரியில் இரண்டு பாத்தி போய்விட்டால் அந்தப் பாத்திக்குப் பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் அந்த லைன் ஒன்றும் விளையவில்லை என்று பொருள். இது காணாமல் போன பாத்தி, நோட்டில் கோடு போட்டு விடுங்கள். மிச்சப் பாத்திகளை வைத்து அதை ஈடுகட்டக் கணக்கு இருக்கிறது, கம்ப்யூட்டரே போட்டுக் கொடுக்கும். ஒரு பிளாக் முழுசாகப் போனாலும் மற்ற மூன்றை வைத்து முடிவு சொல்லலாம். ஆனால் குலை நோய் வந்து கழுத்து ஒடிந்து பாத்தி பதராகிப் போனால் அது காணாமல் போனதல்ல. அது அந்த லைனின் குணம். கிடைத்த எடை எவ்வளவோ, பூஜ்யமாக இருந்தாலும், அதையே எழுத வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நோய்ப் பாத்தியை "சேதம்" என்று கழித்துவிட்டு நல்ல சராசரி காட்டுகிறவர்கள் உண்டு.

எடை மட்டும் எழுதினால் போதாது. பாதிச் செடி பூத்த நாள், கதிர் பிடித்த தூர் எத்தனை, சாய்ந்ததா, குலை நோய் கழுத்திலா விரலிலா, தாள் எடை. மாடு வைத்திருப்பவர்களுக்குத் தாள் பாதி விளைச்சல். தானியம் சற்றுக் குறைந்தாலும் தாள் நிறையத் தரும் லைனை எங்கள் பக்கம் விடவே மாட்டார்கள். தூர் எண்ண அறுவடைப் பகுதிக்குள் ஐந்து செடிக்கு நூல் கட்டி வையுங்கள், கண்ணுக்கு நல்லதாகத் தெரிகிற செடிக்கு அல்ல. மூன்றாவது வரிசையில் எட்டாவது செடி என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள்.

ஒரு வருடத்து முடிவை வைத்து விதை பெருக்கிவிடாதீர்கள். இந்த ஆடியில் மழை நன்றாகப் பெய்தால் பிந்திய வயது லைன் ஜெயிக்கும், புரட்டாசியில் காய்ந்தால் முந்திய வயது ஜெயிக்கும். முதல் வருடம் கடைசி நாலைந்தைக் கழித்துவிட்டு, மிச்சத்தை இரண்டாம் வருடம் உங்கள் ஊரிலும், முடிந்தால் பாலக்கோடு பக்கமோ ஓசூர் பக்கமோ ஓர் உறவினர் நிலத்திலும் இதே மாதிரி போடுங்கள். பையூர் 2 விதைக்கும், வரைபடத்தை ஒரு முறை காட்டிச் சரி பார்க்கவும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். 12 லைனுக்குப் பதில் 60 லைன் இருந்திருந்தால் நான் இந்த வடிவத்தைச் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு பிளாக்கில் 60 பாத்தி போட்டால் பிளாக்குக்குள்ளேயே மண் மாறிவிடும். அப்போது ஒப்பு ரகங்களை மட்டும் ஒவ்வொரு பிளாக்கிலும் திரும்பத் திரும்ப வைத்து, புது லைனை ஒரே ஒரு முறை போடும் ஃபெடரர் முறை இருக்கிறது. அது உங்களுக்கு இப்போது தேவைப்படாது.

கடைசியாக வீட்டு வேலை ஒன்று. எடையில் மேலே வந்த நாலைந்து லைனோடு உங்கள் ஊர் ராகியையும் தனித்தனியாக அரைத்துக் களி கிண்டி, ஊரில் பத்துப் பேருக்குப் போட்டுப் பாருங்கள். நிறம் பிடிக்கவில்லை, களி விட்டுப் போகிறது என்று பெண்கள் சொல்லிவிட்டால் அந்த லைன் எத்தனை குவிண்டால் கொடுத்தாலும் யாரும் விதைக்க மாட்டார்கள். அன்றைக்கும் சட்டியில் எண் மட்டும் ஒட்டுங்கள். எந்தச் சட்டியில் எந்த ராகி என்று பரிமாறுகிறவருக்கும் தெரிய வேண்டாம்.